டியூரரின் வானம் 1024 துண்டுகளில்: ஒரு ஜிக்சா புதிரின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு ஜிக்சா புதிர். அதில் உள்ள படம், ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1515இல் நியூரம்பெர்க்கில் வெளியிட்ட வட வான வரைபடம். ஐரோப்பாவில் அச்சேறிய முதல் விண்மீன் வரைபடங்கள் என்று பொதுவாகக் கொள்ளப்படும் இணையில் ஒரு தாள் அது. மற்றது தென் வானம். மூலப் படம் மரச்செதுக்கு அச்சு. மரக்கட்டையில் கோடுகளை மேடாக விட்டு மற்ற இடங்களைக் குடைந்து, மேட்டில் மை தடவி எடுத்தது. சில பிரதிகளுக்குப் பிற்காலத்தில் கையால் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். இந்தப் புதிருக்கு எடுத்தது வண்ணம் தீட்டாத பிரதி. பழுப்பேறிய தாள் நிறம், அதன்மேல் கறுப்புக் கோடுகள், அவ்வளவுதான். சதுரப் படம், வரிசைக்கு 32 துண்டு, மொத்தம் 32 வரிசை.

தீர்த்தவர்கள் இருவர். ஒருவர் பல ஆண்டுகளாக ஜிக்சா அடுக்கிப் பழகிய ஓர் அத்தை. மற்றவன் அவருடைய அண்ணன் மகன்; தொலைநோக்கி வைத்து வானம் பார்ப்பவன், புதிர் அடுக்கிப் பழக்கமில்லாதவன். பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தது நான். இருவரும் தத்தம் துறையில் கெட்டிக்காரர்கள். அப்படியிருந்தும் தொடக்கத்தில் இருவருடைய அனுபவமும் கைகொடுக்கவில்லை. பிறகு எது கைகொடுத்தது, எந்த வரிசையில் கைகொடுத்தது என்பதுதான் இந்த ஆய்வின் பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வரைபடத்தை மூன்று பேர் மூன்று படிகளில் உருவாக்கினார்கள், புதிரும் அதே மூன்று படிகளில்தான் தீர்ந்தது.

முதல் தேக்கம்

அத்தையின் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலில் ஓரத் துண்டுகள், பிறகு நிறவாரியாகக் குவியல், பிறகு தனித்துத் தெரியும் உருவங்கள். ஓரத் துண்டுகள் 124. அவை தடையின்றிச் சேர்ந்தன. நான்கு மூலைகளும் அடுத்துச் சேர்ந்தன, ஏனென்றால் அங்கே முகங்கள் இருந்தன, பெயர்களும் இருந்தன. அராத்தஸ், தாலமி, மணிலியஸ், அல் சூஃபி என்று வான நூல் எழுதிய நால்வரை டியூரர் மூலைக்கு ஒருவராக அமர்த்தியிருக்கிறார். கிரேக்கக் கவிஞர், அலெக்சாந்திரியாவின் வானியலாளர், ரோமானியக் கவிஞர், பத்தாம் நூற்றாண்டுப் பாரசீக வானியலாளர். அல் சூஃபியைச் சேர்த்தது வெறும் மரியாதைக்காக இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூலைகளைத் தாண்டி வட்டத்துக்குள் நுழைந்ததும் வேலை நின்றுபோனது. நிறவாரியாகப் பிரிக்க நிறமே இல்லை. அத்தை துண்டுகளைக் கோட்டின் அடர்த்தியை வைத்துப் பிரித்துப் பார்த்தார்: நெருக்கமான கோடு ஒரு குவியல், ஐதான கோடு ஒரு குவியல், வெறுமை ஒரு குவியல். இந்தப் பிரிப்பு பயன்படவில்லை. நிழல் காட்டும் கோடுகள் கரடி முதுகிலும் சிங்க முதுகிலும் மனிதத் தோளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓடின. பெட்டி மூடியில் இருந்த படமோ சிறியது. உருவங்கள் தெரியும், நுண்ணிய எழுத்தும் எண்ணும் தெரியாது.

மருமகன் அப்போதுதான் மேசைக்கு வந்தான். வந்ததும் சொன்னது: “துருவ நட்சத்திரத்தை நடுவில வைங்க அத்தை. மத்ததெல்லாம் அதைச் சுத்தித் தானா வந்துடும்.”

அத்தை மூடியை அவன் பக்கம் திருப்பினார். “நடுவில பாம்பு மாதிரி ஏதோ சுருண்டு கிடக்குடா. நட்சத்திரத்தையே காணோம்.”

அவர் பார்த்தது சரி. நடுவில் இருந்தது டிராகன் உருவத்தின் சுருள். துருவ நட்சத்திரம் இருக்கும் சிறுகரடி, மையத்தை விட்டுத் தள்ளி நின்றது.

நடுவில் ஏன் டிராகன்

புதிர் திறந்தது இந்தக் கேள்வியில்தான். ஆகையால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இன்றைய வட வான வரைபடங்களின் மையம் வானத் துருவம், அதாவது பூமியின் அச்சு சுட்டும் இடம். டியூரர் படத்தின் மையம் வேறு. சூரியன் ஆண்டு முழுவதும் நகர்வதாகத் தெரியும் ராசி வட்டத்துக்கு ஒரு துருவம் உண்டு. அந்தத் துருவமே இந்தப் படத்தின் மையம். இரண்டுக்கும் இடையே சுமார் 23.5 பாகை. ராசி வட்டத் துருவம் டிராக்கோ விண்மீன் கூட்டத்துக்குள், குறிப்பிடத்தக்க பிரகாசமான விண்மீன் எதுவும் இல்லாத ஓரிடத்தில் விழுகிறது. அதைச் சுற்றித்தான் டிராகன் வளைந்திருக்கிறது. அந்தப் புள்ளியிலிருந்து பன்னிரண்டு நேர்க்கோடுகள் விளிம்பு வரை ஓடி, வானத்தை 30 பாகை கொண்ட பன்னிரண்டு பகுதிகளாகப் பிரிக்கின்றன. விளிம்பை ஒட்டிப் பன்னிரு ராசி உருவங்கள். விளிம்பிலேயே பாகை அளவுகள்.

இப்படி வரைந்ததற்குக் காரணம் உண்டு. பூமியின் அச்சு பம்பரம் போல மெல்லத் தள்ளாடுவதால் வானத் துருவம் நூற்றாண்டுகளில் இடம் மாறிக்கொண்டே போகிறது. 1500 வாக்கில் துருவ நட்சத்திரமே உண்மையான துருவத்திலிருந்து மூன்று பாகைக்கு மேல் விலகித்தான் இருந்தது. ராசி வட்டத்தின் துருவமோ மீன்களிடையே ஏறத்தாழ அசையாமல் நிற்கிறது. அதை மையமாக வைத்து அளந்தால், இந்தத் தள்ளாட்டம் உண்டாக்கும் அயன அசைவால் எல்லா மீன்களின் ராசிப் பாகையும் (ராசி வட்டத்தின் வழியே அளக்கும் கோணம்) ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் ஒரே அளவில் கூடும். ராசி வட்டத்துக்கு மேலோ கீழோ அவை நிற்கும் தூரம் மாறாது. எனவே பழைய விண்மீன் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு மீனையும் மறுபடி அளக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒரே கோணம் சுழற்றினால் போதும்.

தாலமியின் பட்டியல் கி.பி. 137 காலத்தைச் சேர்ந்தது. அல் சூஃபி 964 வாக்கில் அந்தப் பட்டியலின் பாகைகளோடு 12 பாகை 42 கலை (ஒரு கலை, பாகையில் அறுபதில் ஒரு பங்கு) கூட்டித் தம் காலத்துக்குக் கொண்டுவந்தார். டியூரருக்காக அந்த வேலையைச் செய்தவர் நியூரம்பெர்க்கின் வானியலாளர் கோன்ராட் ஹைன்ஃபோகல். 1500ஆம் ஆண்டு வானத்துக்கு ஏற்ப மீன்களை இடமறிந்து வைத்தார். 137க்கும் 1500க்கும் நடுவே வானம் உண்மையில் திரும்பியது ஏறக்குறைய 19 பாகை. மூலையில் அமர்ந்திருக்கும் அல் சூஃபி, இந்தத் தாளில் நடந்த அதே கணக்கை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்தவர்.

மருமகனுக்கு அயன அசைவு புதிதில்லை. மையம் எது என்று புரிந்ததும் அவன் மூடியை ஒதுக்கிவிட்டுத் துண்டுகளில் நேர்க்கோடு தேட ஆரம்பித்தான். உருவத்தை மறந்துவிட்டு நேர்க்கோடு மட்டும் பாருங்கள் என்று அத்தையிடமும் சொன்னான். என் குறிப்பேட்டில் இந்த இடத்தின் கீழ் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். தீர்வு இங்கேதான் தொடங்கியது.

கோடுகள்

பன்னிரண்டு கோடுகளும் மையத்தில் கூடி விளிம்பில் விரிபவை. அதனால் ஒரு துண்டில் இரண்டு கோடுகள் வந்தால் அது மையத்துக்கு வெகு அருகில்தான் இருக்க முடியும். கணக்குப் போட்டால், மையத்திலிருந்து மூன்று துண்டு தூரத்தைத் தாண்டி இரண்டு கோடுகள் ஒரே துண்டுக்குள் அடங்காது. அப்படிப்பட்ட துண்டுகளைப் பொறுக்கியதும் டிராகனின் சுருள் சிறு தீவாக எழுந்தது.

ஒற்றைக் கோடு உள்ள துண்டுகளில் சாய்வைப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கட்டம் கட்டமாக வெட்டிய ஜிக்சாவில் ஒரு துண்டை நான்கு விதமாகத் திருப்பி வைக்கலாம். 30 பாகை இடைவெளியில் ஓடும் கோடுகளை 90 பாகை திருப்பினால் அவை ஒன்றன்மேல் ஒன்றாகவே விழும். ஆகவே சாய்வு ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் பன்னிரண்டு கோடுகளும் மூன்றே குடும்பங்களாகத்தான் பிரியும். இதை முதலில் கண்டது அத்தை. துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மூணு ஜாதி சாய்வுதான்டா இருக்கு, பன்னெண்டு இல்லை” என்றார். ஆயிரம் துண்டுகளை மூன்று குவியலாக்குவது பெரிய ஆதாயம் இல்லையே என்று தோன்றலாம். ஆனால் கோடு ஓடும் துண்டுகள் மொத்தத்தில் சிறுபங்கு. அவற்றை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு குவியலும் கைக்கு அடங்கும். கோட்டின் ஒரு முனை தீவில் தொடங்குகிறது, மறுமுனை பாகை விளிம்பில் முடிகிறது. இரு முனைகளும் தெரிந்த கோட்டை நிரப்புவதற்கு அதிகப் பொறுமை தேவைப்படவில்லை.

விளிம்பு வளையமும் எளிதாகவே சேர்ந்தது. சதுரத்துக்கு ஒரு ஓரம், வட்டத்துக்கு ஒரு ஓரம் என்று இந்தப் புதிருக்கு இரண்டு ஓரங்கள். வளையத்தில் பாகைக் கோடுகள் வரிசையாக ஓடுவதால் அடுத்து வர வேண்டியது எது என்று ஐயமே வராது.

ராசி உருவங்களை மட்டும் பகுதிக்கு ஒன்றாக அடைக்க முயலக் கூடாது. அயன அசைவால் உருவங்கள் தம் பகுதியைத் தாண்டி நகர்ந்திருக்கின்றன. ரிஷபத்தின் கண்ணான ரோகிணி மீன் 1500ஆம் ஆண்டுக் கணக்கில் சுமார் 63 பாகையில், அதாவது மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் இருக்கிறது. மேஷத்தின் பிரகாசமான மீன் இரண்டாம் பகுதி தொடங்கும் இடத்துக்கே வந்துவிட்டது.

கண்ணாடி வானம்

அடுத்த சிக்கல் மருமகனுக்கு வந்தது. பன்னிரண்டு கோடுகளும் நின்றபின் சப்தரிஷி மண்டலத்தைத் தேடினான். அது அடங்கிய பெருங்கரடியின் வால் எந்தப் பக்கம் நீளும் என்று அவனுக்கு உறக்கத்திலும் தெரியும். படத்தில் அது எதிர்ப்பக்கம் நீண்டது.

“அத்தை, படத்தையே இடவலம் மாத்தி அச்சடிச்சிட்டாங்க போல. கரடி திரும்பி நிக்குது.”

“எழுத்து ஒழுங்காத்தானே இருக்கு. படம் திரும்பினா பேரும் திரும்பியிருக்கணுமே?”

இந்த ஒரு கேள்வி அச்சுக் கோளாறு என்ற சந்தேகத்தைத் தீர்த்துவிட்டது. மரக்கட்டையில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றித்தான் செதுக்குவார்கள். அச்சில் நேராக விழும். எழுத்து நேராக விழுந்திருக்கிறது என்றால் கரடியும் வரைந்தவர் எண்ணியபடியே விழுந்திருக்கிறது. டியூரரின் வானம் பூமியிலிருந்து அண்ணாந்து பார்க்கும் வானமே இல்லை. வானக் கோளம் ஒன்றைச் செய்து வைத்து அதை வெளியிலிருந்து பார்ப்பது போன்ற தோற்றம். அதனால்தான் மனித உருவங்கள் நமக்கு முதுகைக் காட்டுகின்றன. நாம் அண்ணாந்து பார்க்கையில் வட துருவத்தைச் சுற்றி மேஷம், ரிஷபம், மிதுனம் என்ற வரிசை வலஞ்சுழியாகப் போகும். இந்தத் தாளில் இடஞ்சுழியாகப் போகிறது. 1690இல் வெளிவந்த, வானியலாளர் ஹெவேலியஸின் வான அட்லஸ்கூட இப்படி வெளிப்பார்வையில்தான் வரையப்பட்டது. 1603இல் வந்த பேயரின் அட்லஸ் பூமியிலிருந்து பார்க்கும் வானத்தைக் காட்டியது. இரண்டு மரபுகளும் நெடுங்காலம் கூடவே வாழ்ந்தன.

வானம் பழகிய கண்ணுக்கு இது பெரிய இடைஞ்சல். மருமகன் மனத்தில் இருந்த படங்களையெல்லாம் திருப்பிப் போட வேண்டியிருந்தது. அத்தைக்கு அந்தச் சுமை இல்லை. இந்தக் கட்டத்தில் அவர்தான் வேகமாகப் போனார்.

எண்கள்

இந்தத் தாளில் மீன்களுக்கு எண் போட்டிருக்கிறது. அவை தாலமியின் பட்டியலில் அந்தந்த உருவத்துக்குள் மீன்கள் வரும் வரிசை எண்கள். பூதக்கண்ணாடி வைத்துத் துண்டைப் பார்த்தால் எண் தெரியும். தாலமி வானத்தை 48 உருவங்களாகப் பிரித்தார்: வடக்கே 21, ராசி 12, தெற்கே 15. உருவத்துக்கு எத்தனை மீன் என்பதும் அவர் பட்டியலில் இருக்கிறது. டிராகனுக்கு 31, பெருங்கரடிக்கு 27, சிறுகரடிக்கு 7, வட மகுடத்துக்கு 8, அன்னத்துக்கு 17, அம்புக்கு 5, முக்கோணத்துக்கு 4, குதிரைக்குட்டிக்கும் 4. கும்பத்துக்கு 42, இந்தத் தாளில் உருவத்துக்குள்ளேயே எண் அவ்வளவு உயர்வது அங்கே மட்டும்தான், தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகும் நீண்ட ஓட்டத்தையும் சேர்த்து எண்ணுவதால்.

மருமகன் இந்த எண்ணிக்கைகளை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்தான். அதன்பின் நடந்ததைப் பார்க்க எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது. 30 என்ற எண் வந்தால் வடக்கு உருவங்களில் டிராகனைத் தவிர வேறு இடமில்லை. ராசிகளில் தனுசு, ரிஷபம், மீனம், கும்பம் மட்டும். மைய உருவமா விளிம்பு உருவமா என்பதைப் பக்கத்துக் கோட்டின் நெருக்கம் சொல்லிவிடும். சிறிய எண் உதவாது, எல்லா உருவத்திலும் 1, 2, 3 உண்டு. ஆனால் தவறான இணைப்பைப் பிடிக்கச் சிறிய எண்ணும் உதவியது: ஒரே உருவத்தில் ஒரே எண் இரண்டு முறை வந்தால் ஏதோ ஒரு துண்டு அங்கே சேர்ந்ததில்லை.

தவறான இணைப்பு இந்தப் புதிரில் அடிக்கடி வந்தது. எஃகு அச்சுத்தகடு கொண்டு குறுக்கும் நெடுக்குமாக வெட்டும்போது நீட்டலும் குழிவும் பல இடங்களில் கிட்டத்தட்ட ஒரே வடிவில் விழும். வண்ணப் படமாக இருந்தால் கண் உடனே மறுத்துவிடும். இங்கே வெற்றுத் தாள் நிறத்துக்கும் வெற்றுத் தாள் நிறத்துக்கும் என்ன வேற்றுமை? அத்தை இரண்டு சோதனைகள் வைத்திருந்தார். சேர்த்த துண்டுகளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்ப்பது ஒன்று. பொருந்தாத இணைப்பில் மெல்லிய நிழல் விழும். சேர்ந்த நாலைந்து துண்டுகளை ஒன்றாகத் தூக்கிப் பார்ப்பது மற்றொன்று. பொய்ப் பொருத்தம் தொய்யும்.

எல்லை இல்லாத நாடுகள்

ஜிக்சாவின் தொடக்கமே வரைபடம்தான் என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற செதுக்காளர் வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோட்டைப் பின்பற்றி அறுத்து விற்றார். குழந்தைகள் புவியியல் கற்க உதவியது. அங்கே ஒரு துண்டு என்றால் ஒரு நாடு. வெட்டே பாடம் சொல்லும்.

டியூரரின் வானத்தை அப்படி அறுக்க முடியாது. 48 உருவங்களுக்கும் எல்லை என்று எதுவும் அன்று வரையப்படவில்லை. உருவத்துக்குள் அடங்காத மீன்களைத் தாலமி ஒவ்வொரு கூட்டத்தின் கடைசியிலும் தனியே பட்டியலிட்டார். வட வானின் மிகப் பிரகாசமான மீன்களில் ஒன்றான ஆர்க்டூரஸ்கூட இடையன் உருவத்துக்கு வெளியே நிற்பதாகத்தான் அதில் இருக்கிறது. சர்வதேச வானியல் ஒன்றியம் 1922இல் 88 விண்மீன் கூட்டங்களை ஏற்றது. அவற்றின் எல்லைகளை பெல்ஜிய வானியலாளர் யூஜீன் டெல்போர்ட் வகுத்து வெளியிட்டது 1930இல். அதுவரை உருவங்களுக்கு இடையே இருந்தது யாருக்கும் சொந்தமில்லாத வெளி.

அந்த வெளிதான் இந்தப் புதிரில் கடைசி வரை எஞ்சியது. கோடு இல்லை, எண் இல்லை, உருவம் இல்லை. அத்தை அந்தத் துண்டுகளை வடிவவாரியாகப் பிரித்தார்: இரு நீட்டல் எதிரெதிராக, இரு நீட்டல் அடுத்தடுத்து, மூன்று நீட்டல், ஒன்று, நான்கு, ஒன்றுமில்லை. பிறகு ஒவ்வொரு இடத்துக்கும் ஒத்த வடிவத்தை வரிசையாக வைத்துப் பார்த்து நிரப்பினார். இதில் மருமகன் செய்ய ஒன்றுமில்லை. அத்தையின் கைப்பழக்கம் முழுமையாகப் பயன்பட்டது இங்கேதான்.

மூவர் செய்த வேலை

தென் வானத் தாளில், யார் எதைச் செய்தார்கள் என்று அச்சிலேயே குறித்திருக்கிறார்கள். யோஹானஸ் ஸ்டாபியஸ் அமைப்பை வகுத்தார், ஹைன்ஃபோகல் மீன்களை வைத்தார், டியூரர் உருவங்களால் அவற்றைச் சூழ்ந்து வரைந்தார். ஸ்டாபியஸ், பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் அவையைச் சேர்ந்த கணித அறிஞர். புதிர் தீர்ந்த விதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். முதலில் கோடுகளும் வளையமும் நின்றன. அது ஸ்டாபியஸின் வேலை. பிறகு எண்கள் துண்டுகளுக்கு வீடு காட்டின. அது ஹைன்ஃபோகலின் வேலை. உருவங்கள் அதற்குப் பிறகுதான் முழுமையடைந்தன. அத்தையும் மருமகனும் டியூரரிலிருந்து தொடங்கியபோது ஓர் அடிகூட நகர முடியவில்லை. உருவங்கள் மீன்களின் இருப்பைப் பின்பற்றி வரையப்பட்டவை. மீன்கள் கோடுகளை வைத்து அளக்கப்பட்டவை. மேலடுக்கிலிருந்து பிடித்து இழுத்தால் கீழடுக்கு வராது.

வண்ணமுள்ள பழைய வான வரைபடங்களுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆந்திரேயாஸ் செல்லாரியஸ் 1660இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட அட்லஸின் 29 படங்கள் புதிர்களாகப் பெரிதும் விரும்பப்படுபவை. அவற்றின் வண்ணமும் அச்சுக்குப் பின் கையால் தீட்டியதே; பிரதிக்குப் பிரதி மாறும். அத்தை போன்றவர்கள் அங்கே வண்ணத்தைப் பிடித்து ஏறிவிடுவார்கள், நல்லதுதான். ஆனாலும் கோட்டுச் சட்டகத்தை முதலில் நிறுத்தினால் வேலை பாதியாகும், படமும் புரியும். புரிந்துகொண்டு அடுக்குவதில் இருக்கும் இன்பத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இணைத் தாளான தென் வானத்தை இருவரும் அடுத்து எடுத்திருக்கிறார்கள். அதில் முறையைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும். அலெக்சாந்திரியாவிலிருந்து பார்த்த தாலமிக்குத் தென் துருவத்தைச் சுற்றிய வானம் அடிவானத்துக்கு மேலே எழவே இல்லை. டச்சு மாலுமிகளான கெய்ஸரும் டெ ஹௌட்மனும் 1595 முதல் 1597 வரையான பயணத்தில் அந்த மீன்களை அளக்கும்வரை, அங்கே வைக்க ஐரோப்பிய வரைபடக்காரர்களிடம் முறையான அளவுகள் இல்லை. ஆகவே அந்தத் தாளில் ஒரு பெரும் பரப்பு வெறுமை. கோடுகளை விட்டால் பிடிமானம் எதுவும் கிடையாது. மருமகன் வழக்கம்போல் கோட்டுத் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கியிருக்கிறான். அத்தை இந்த முறை வெற்றுத் துண்டுகளை வடிவவாரியாகப் பிரிக்கும் வேலையை முதல் நாளே ஆரம்பித்துவிட்டார்.